வீட்டு போட்டோ பிரிண்டருடன் வருடக்கணக்கில் இருப்பவர்கள் வாருங்கள்: பராமரிப்பு, மை, தாள், மங்கும் படங்கள்

ஒளிவட்டம்:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஆறு வண்ண டை மை (சாயம் கரைந்த மை) போடும் ஏ4 போட்டோ பிரிண்டர் ஒன்று பல வருடங்களாக உழைத்துக்கொண்டிருக்கிறது. கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிரம்பப் போகிறது, சர்வீஸுக்குக் கொடுங்கள் என்று இப்போது எச்சரிக்கை காட்டுகிறது. ஆனால் மையைப் பீச்சும் ஹெட்டில் எந்தக் குறையும் இல்லை. மைத் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் போட்டால் ஒரு கோடுகூட விடுபடாமல் வருகிறது. நிறமும் வாங்கிய புதிதில் இருந்த மாதிரியே இருக்கிறது.

பிரிண்டர்களைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி பெட்டியைப் பிரித்த வாரத்தில் எழுதப்பட்டது. அந்த வாரத்தில் எல்லா பிரிண்டரும் நல்ல பிரிண்டர்தான். அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஒரே பிரிண்டரை ஐந்தாறு வருடம் வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள். இதைச் சரிசெய்து தொடரலாமா, புதிதாக வாங்கலாமா? வாங்கினால் டையா, நிறம் துகளாக இருக்கும் பிக்மென்ட்டா? சுவரில் மாட்டிய சில படங்கள் மங்க ஆரம்பித்திருக்கின்றன. இரண்டாவது கேள்வி அதனால்தான்.

கறுப்புமை:

ஹெட் நன்றாக இருக்கும்போது பிரிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள் சார். இன்க்ஜெட்டில் உயிர்நாடி ஹெட்தான். பஞ்சு என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பாகம், அவ்வளவுதான்.

அந்த எச்சரிக்கை எப்படி வருகிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். ஹெட் கிளீனிங் செய்யும்போது உறிஞ்சி எடுக்கிற மை, அச்சு நடக்கும்போதே நாசில் காயாமல் இருக்க அவ்வப்போது பீச்சுகிற மை, இரண்டும் பிரிண்டரின் அடியில் உள்ள பஞ்சுக்குத்தான் போகின்றன. ஓரம் விடாமல் முழுத்தாளிலும் படம் போடும்போது தாளுக்கு வெளியே சிதறுவதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பிரிண்டருக்குப் பார்க்கத் தெரியாது. அனுப்பிய மையை எண்ணிக்கொண்டே வந்து, குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் நின்றுவிடும்.

கவுண்டரை மட்டும் பூஜ்யமாக்கித் தரும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. பஞ்சை மாற்றாமல் அதை மட்டும் செய்ய வேண்டாம். எண் பூஜ்யமானாலும் உள்ளே இருக்கும் மை அப்படியேதான் இருக்கிறது, ஒரு நாள் அடியில் கசிந்து மேசையில் வழியும். பஞ்சை மாற்றச் சொல்லுங்கள், கவுண்டரை அதோடு சேர்த்து ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த பிரிண்டர் வாங்குகிற எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். கழிவு மை சேரும் மெயின்டெனன்ஸ் பாக்ஸ் நாமே கழற்றி மாட்டுகிற மாடலா என்று முதலில் பாருங்கள். எப்சன் ஈடி-8550, கேனான் புரோ-1000 இரண்டிலும் அப்படித்தான். நாலாவது, ஐந்தாவது வருடத்தில் இதன் அருமை தெரியும்.

நீலமயில்:

நான் வாரத்துக்கு ஒரு முறை ஹெட் கிளீனிங் போட்டுவிடுகிறேன், அடைப்பு வராமல் இருக்கட்டும் என்று. அது தப்பா?

கறுப்புமை:

அடைப்பு இருந்தால்தான் கிளீனிங். இல்லாதபோது போட்டால் மையும் வீண், பஞ்சும் சீக்கிரம் நிரம்பும். வாரம் ஒரு முறை நாசில் செக் மட்டும் போடுங்கள், துளி மைதான் செலவாகும். எல்லாக் கோடும் வந்துவிட்டால் ஒரு படம் அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வாரம்ஒருபடம்:

என் பெயரே என் பதில். 🙂

இன்க்ஜெட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி எந்த மாடல் என்பது. நான் திருப்பிக் கேட்பது, வாரத்துக்கு எத்தனை படம் போடுவீர்கள் என்று. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவாவது ஒவ்வொரு வாரமும் அச்சிடுகிறவரிடம் சாதாரண பிரிண்டரும் நெடுநாள் வாழ்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி என்பது போல எப்போதாவது தொடுகிறவரிடம் விலை உயர்ந்ததும் வாழ்வதில்லை. நாசில் என்பது மனித முடியைவிட மெல்லிய துளை. அதில் நிற்கும் மையிலுள்ள நீர் ஆவியானால் மீதி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். மை நகர்ந்துகொண்டே இருந்தால் அதற்கு இடமில்லை.

எந்தப் படம் என்பதும் முக்கியம். வெறும் கறுப்பு எழுத்துப் பக்கம் அச்சிட்டால் மற்ற நிறங்கள் அசையாமல் நிற்கும். எல்லா மையும் செலவாகிற வண்ணப் படம் வேண்டும். வெளிர் நீலம், வெளிர் மெஜந்தா மை இருக்கிற ஆறு வண்ண பிரிண்டர் என்றால் வானம், மனித முகம் இரண்டும் இருக்கிற படம் நல்லது, அந்த இரண்டு மைக்கும் அங்கேதான் வேலை.

அப்புறம், பிரிண்டரை அணைப்பது எப்போதும் அதன் பட்டனில்தான். சுவர் சுவிட்சை அணைக்கக் கூடாது. பட்டனை அழுத்தினால் ஹெட் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும், அந்த மூடிதான் நாசிலில் ஈரத்தைக் காக்கிறது. அச்சின் நடுவே சுவிட்சை அணைத்தால் ஹெட் பாதி வழியில் திறந்தே நின்றுவிடும். ஒரு இரவு போதும், அடைத்துக்கொள்ள.

சந்தேகி:

எல்லாம் சரி. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று. மாதத்துக்கு நாலு படம் போடுகிறவர் இவ்வளவு பாடு ஏன் பட வேண்டும்? லேபில் கொடுத்தால் வெள்ளி உப்புத் தாளில், ரசாயனத்தில் கழுவி, நன்றாகவே தருகிறார்கள். அடைப்பு இல்லை, பஞ்சு இல்லை, மை காலாவதி இல்லை. சின்ன அளவுப் படங்களுக்கு வீட்டு அச்சைவிடச் செலவும் குறைவு. பிரிண்டரின் மையில் எவ்வளவு தாளுக்குப் போகிறது, எவ்வளவு சுத்தம் செய்யவே போகிறது என்று கணக்குப் பார்த்தால், குறைவாக அச்சிடுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம்.

யாரையும் மட்டம்தட்ட இதைச் சொல்லவில்லை. வாங்கிவிட்டு ஓரமாக வைத்து வீணடிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அந்த வருத்தம்.

வாரம்ஒருபடம்:

சந்தேகி சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. மாதம் நாலு படம் என்றால் லேப்தான் சரி. இதை நானும் ஒளிவு மறைவில்லாமல் சொல்வேன்.

தாள்பித்தன்:

எனக்கு உடன்பாடில்லை, முழுதாக. செலவை மட்டும் வைத்துப் பார்த்தால் லேப் ஜெயிக்கும். ஆனால் லேபில் கிளாஸி, லஸ்டர், மேட் என்று இரண்டு மூன்று தாள்தான் வைத்திருப்பார்கள். வீட்டில் பருத்தி இழைத் தாள், பரைட்டா, ஜப்பானிய வாஷி என்று எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பனிமூட்டப் படம் ஒன்றை கிளாஸியிலும் பருத்தி மேட்டிலும் போட்டு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே படம் என்று சொல்ல மனம் வராது. மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது, ஆனால் அந்தப் படத்துக்கு ஆழக் கறுப்பே தேவையில்லை. இதை லேபுக்காரரிடம் விளக்க முடியாது. நாமே அச்சிட்டு, பார்த்து, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, மறுபடி அச்சிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. அச்சிடுகிறவர் படமெடுக்கும் விதமே மாறுகிறது. திரையில் கவனிக்காத ஓரத்துக் குறையெல்லாம் தாளில் கண்ணைக் குத்தும், அடுத்த முறை கேமராவைப் பிடிக்கும்போதே அந்த ஓரத்தைப் பார்ப்போம்.

சந்தேகி:

அதை ஏற்கிறேன். தாளைத் தேர்ந்தெடுப்பதில் இன்பம் காண்கிறவருக்கு லேப் பதிலாகாது. குடும்பப் படம் நாலு அச்சிட வாங்குகிறவருக்கு என் பதில் மாறாது.

நிறமாலை:

ஒளிவட்டம் அண்ணா, மங்குகிற படங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம்.

வெளிச்சம்தான் படத்தை மங்கவைக்கிறது என்று நினைக்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதி காற்று. குறிப்பாகக் காற்றில் சிறிதளவு எப்போதும் இருக்கும் ஓசோன். உடனே காய்கிற போட்டோ தாள்கள் எல்லாம் நுண்துளைத் தாள்கள், மை அந்தத் துளைகளில் இறங்கி நிற்கிறது. அதனால்தான் தொட்டால் ஒட்டாமல் சட்டென்று காய்கிறது. ஆனால் அந்தத் துளை வழியாகக் காற்றும் உள்ளே போகும். டை மையின் மூலக்கூறுகள் தனித்தனியாகக் கரைந்து நிற்பவை, ஓசோன் அவற்றை எளிதில் சிதைத்துவிடும். பிக்மென்ட் மையில் நிறம் திடத் துகளாக இருக்கிறது. துகளின் மேல்பரப்பு தாக்கப்பட்டாலும் உள்ளே இருப்பது தப்புகிறது. பிக்மென்ட் அதிக காலம் நிற்பதற்கு இதுதான் காரணம்.

2000-ஆம் ஆண்டில் இது பெரிய விவகாரமாகவே ஆனது. எப்சனின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் அச்சிட்ட படங்கள் சிலர் வீட்டில் சீக்கிரமே ஆரஞ்சாக மாறிவிட்டன. வெளிச்சச் சோதனையில் நன்றாகத் தாக்குப்பிடித்த மைதான் அது. ஓசோன் பட்டு நீல மை மட்டும் போய்விட்டது, மஞ்சளும் மெஜந்தாவும் மிஞ்சியதால் ஆரஞ்சு. அதற்குப் பிறகுதான் ஆயுள் சோதனைகளில் வெளிச்சத்தோடு ஓசோனையும் தனியாகக் கணக்கெடுப்பது பரவலானது. அச்சுப் படங்களின் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் வெளியிடும் பட்டியல்களைப் பார்த்தால், ஒரே மைக்கும் தாளுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆயுள், கண்ணாடி இல்லாமல் ஒரு ஆயுள், ஆல்பத்துக்குள் ஒரு ஆயுள் என்று தனித்தனியாக இருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் ஆல்பத்துக்கு உரியது. அதைச் சுவரில் மாட்டுகிற படத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கு என் யோசனை: டை பிரிண்டரை வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குப் போகிற படங்களை மட்டும் கண்ணாடி போட்டு, பின்பக்கம் நாடாவால் அடைத்து மாட்டுங்கள். கண்ணாடி வெயிலைத் தடுப்பதைவிடக் காற்றைத் தடுப்பதுதான் டை மைக்குப் பெரிய உதவி. நேர் வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள், ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

ஒளிவட்டம்:

நன்றி நிறமாலை. மங்கிய படங்கள் எல்லாமே கண்ணாடி இல்லாமல் அட்டையில் ஒட்டி மாட்டியவை. ஆல்பத்தில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. இப்போது காரணம் புரிகிறது. அச்சிட்ட உடனே சட்டம் போடலாமா?

நிறமாலை:

ஒரு நாளாவது விடுங்கள் அண்ணா. தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் மையிலுள்ள கிளைகால் போன்ற திரவங்கள் மெதுவாகத்தான் வெளியேறும். ஆர்.சி. (ரெசின் பூசிய) போட்டோ தாளின் இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால் அவை பின்பக்கமாகப் போக வழியில்லை. அவசரப்பட்டுச் சட்டம் போட்டால் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி படர்ந்த மாதிரி ஒரு படலம் வரும். படத்தின் மேல் வெள்ளைத் தாளைப் பரப்பி ஒரு நாள் வைத்துவிடுங்கள், தாள் இழுத்துக்கொள்ளும்.

புதுமுகம்:

இந்த இழை எனக்காகவே தொடங்கின மாதிரி இருக்கிறது. என் பிரிண்டர் சில மாதங்கள் தொடாமல் கிடந்தது. இப்போது மெஜந்தா பாதிதான் வருகிறது. கிளீனிங் போடப் போட, மற்ற நிறமும் விட்டுவிட்டு வருகிறது! எதனால்?

கறுப்புமை:

முதலில் நிறுத்துங்கள் தம்பி. இதற்கு மேல் கிளீனிங் வேண்டாம்.

நாசில் செக் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இடைவெளி இருந்தால் அது காய்ந்த மை, உண்மையான அடைப்பு. இடைவெளி தாளுக்குத் தாள் இடம் மாறினால் அது பெரும்பாலும் காற்று, அல்லது மை போதுமான வேகத்தில் வந்து சேரவில்லை. மற்ற நிறங்களும் விட்டுவிட்டு வர ஆரம்பித்ததாகச் சொல்கிறீர்கள், அதனால் உங்களுடையதில் இரண்டும் கலந்திருக்கலாம். தொடர்ந்து கிளீனிங் போடும்போது உறிஞ்சும் பம்ப் காற்றையும் உள்ளே இழுக்கும், நுரையும் வரும். இன்னும் போட்டால் இன்னும் மோசமாகும்.

பிரிண்டரைப் பட்டனில் அணைத்துவிட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். காற்றுக் குமிழ்கள் மேலேறி அடங்கும். மூடியிலிருக்கும் ஈரமான மை, காய்ந்த மையைக் கொஞ்சம் இளக்கும். காலையில் நாசில் செக் போடுங்கள். முன்னேற்றம் இருந்தால் ஒரே ஒரு கிளீனிங், மறுபடி ஓய்வு. இந்தப் பொறுமையிலேயே பாதி அடைப்புகள் போய்விடும்.

போகவில்லை என்றால், ஹெட்டை நகர்த்திவிட்டு அது உட்காரும் மூடியைப் பாருங்கள். மூடியின் விளிம்பில் காய்ந்த மை மேடு கட்டியிருந்தால் காற்றுப் புகாமல் மூடாது, அப்போது எத்தனை கிளீனிங் போட்டும் பயனில்லை. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த, நூல் பிரியாத துணியால் விளிம்பைத் துடையுங்கள். குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு நாசிலில் தங்கும். நிறையப் பேர் ஹெட்டையே சந்தேகப்படுகிறார்கள், பல சமயம் குற்றவாளி மூடிதான்.

உங்களுடையது எந்த வகை, வெப்பத்தில் இயங்குவதா, பைசோவா?

புதுமுகம்:

தெரியவில்லை அண்ணா. எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்புமை:

பொதுவாக எப்சன் என்றால் பைசோ. கேனான், எச்பி வீட்டு மாடல்கள் வெப்பம்.

வெப்ப முறை பிறந்த கதையும் நல்ல கதை. 1977-ல் கேனான் ஆய்வகத்தில் மை நிரப்பிய ஊசியின் மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு, ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. அதிலிருந்துதான் குமிழி இன்க்ஜெட் வந்தது. நாசிலுக்குள் ஒரு நுண்ணிய ஹீட்டர் மையைச் சட்டென்று சூடாக்கும், ஆவிக் குமிழி விரிந்து துளியை வெளியே தள்ளும். பைசோவில் சூடு கிடையாது. மின்சாரம் கொடுத்தால் வளைகிற படிகம் மையை அழுத்தித் தள்ளும்.

பராமரிப்பில் இதனால் என்ன வித்தியாசம் என்றால், வெப்ப ஹெட்டில் மை வராமல் ஹீட்டர் வேலை செய்தால் அது எரிந்துபோகும். மை தீர்ந்த பிறகும், அடைப்போடும் அச்சிட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அந்த ஹெட் தேய்கிற பொருள், ஆனால் பல மாடல்களில் கழற்றி வேறு போடலாம். புரோ-1000-லும் நாமே மாற்றிக்கொள்ளலாம். எச்பியின் எளிய மாடல்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் இருக்கும், புதிய கார்ட்ரிட்ஜ் போட்டால் புதிய ஹெட்டும் வந்துவிடுகிறது. எப்போதாவது அச்சிடுகிறவருக்கு இது ஒரு நிம்மதி. பைசோ ஹெட் பிரிண்டரின் ஆயுள் முழுக்க இருக்கட்டும் என்று செய்யப்பட்டது. நெடுநாள் உழைக்கும், ஆனால் போனால் மாற்றும் செலவு புதிய பிரிண்டரின் விலையை நெருங்கும்.

புதுமுகம்:

பைசோதான் அண்ணா. ஒரு இரவு விட்டேன். காலையில் நீலமும் மஞ்சளும் முழுதாக வந்துவிட்டன! மெஜந்தாவில் மட்டும் அதே இடத்தில் இரண்டு மூன்று கோடு இல்லை.

கறுப்புமை:

அப்படியானால் காற்று போய்விட்டது, மிச்சம் இருப்பது உண்மையான அடைப்பு. மெஜந்தா நிறையச் செலவாகிற படம் ஒன்றை சாதாரணத் தாளில் போடுங்கள், ஓடுகிற மை பக்கத்து நாசிலையும் இளக்கும். மூடியையும் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று கோடுக்காக ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

நீலமயில்:

மையை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர் பற்றி யாராவது சொல்லுங்களேன். கார்ட்ரிட்ஜ் செலவு தாங்கவில்லை.

வாரம்ஒருபடம்:

நிறைய அச்சிடுகிறவருக்கு டேங்க்தான், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. எப்சன் எல்8050-ல் ஆறு டை மை: நாலு அடிப்படை நிறம், கூட வெளிர் நீலம், வெளிர் மெஜந்தா. ஈடி-8550-லும் ஆறுதான், ஆனால் சேர்க்கை வேறு. வெளிர் நிறங்கள் இல்லாமல் சாம்பல் மை இருக்கிறது, எழுத்துக்கு பிக்மென்ட் கறுப்பும் போட்டோவுக்கு டை கறுப்பும் தனித்தனி. சாம்பல் மை இருப்பதால் கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை, மெஜந்தா சாயல் தட்டுவது குறைவு.

டேங்கினால் ஒரு மன மாற்றமும் வருகிறது. மை தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் அச்சிடாமல் இருப்பவர்கள்தான் அடைப்பில் மாட்டுகிறார்கள். டேங்கில் அந்தப் பயம் இல்லை, அதனால் கை தாராளமாகிறது, பிரிண்டரும் நன்றாக இருக்கிறது. ஆனால் குறைவாக அச்சிடுகிறவர் டேங்க் வாங்கினால், திறந்த மை பல மாதம் நிற்கும். கார்ட்ரிட்ஜைத் திறந்த ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்று உற்பத்தியாளர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சித்திரக்கூடம்:

பிக்மென்ட் பக்கம் நான் பேசுகிறேன். பத்து வண்ண எப்சன் பி900 வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைக்காக மட்டுமே அதை வாங்கலாம் என்பேன். வெவ்வேறு அடர்த்தியில் கறுப்பும் சாம்பலும் இருப்பதால் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு மாறுவது அவ்வளவு மென்மை. முந்தைய பி800-ல் மேட் கறுப்பு, போட்டோ கறுப்பு இரண்டும் ஒரே வழியைப் பகிர்ந்துகொண்டன. தாள் வகையை மாற்றும்போதெல்லாம் குழாயில் இருந்த மையை வெளியேற்ற வேண்டும். பி900-ல் இரண்டுக்கும் தனி வழி, அந்த வீணடிப்பு இல்லை. தாள் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பிக்மென்ட் மை தாளின் மேலேயே நிற்பதால் கிளாஸி தாளில் சாய்த்துப் பார்த்தால் மை பட்ட இடமும் படாத இடமும் வேறு வேறாக மின்னும். கேனான் புரோ-1000-ல் இதைச் சமன்செய்யவே 11 நிறங்களோடு குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமில்லாத திரவம் ஒன்றும் இருக்கிறது. பளபளப்பான ஆல்பப் படம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் டையே அழகு. துகள்கள் அடியில் தங்கும் என்பதால், புதிய கார்ட்ரிட்ஜை மாட்டும் முன் சொல்லியிருக்கும் விதத்தில் மெதுவாகக் குலுக்கவும் வேண்டும்.

நீலமயில்:

திரையில் அழகாக இருக்கிறது, தாளில் இருட்டாக வருகிறது. இது மையா, தாளா?

தாள்பித்தன்:

பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டும் இல்லை, திரை. கடையில் கண்ணைக் கவரும் பிரகாசத்திலேயே வீட்டிலும் வைத்திருக்கிறோம். அச்சுக்கான வேலை செய்யும்போது திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவுக்குக் குறையுங்கள். அளக்கும் கருவி இல்லை என்றால் எளிய வழி ஒன்று: நல்ல வெளிச்சத்தில் வெறும் வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். திரை விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் அதிகம், தாளும் திரையும் ஒரே அளவில் தெரிந்தால் சரி.

நிறமே மாறி, எல்லாம் சிவப்பேறி வந்தால் அது வேறு. நிற மேலாண்மையை எடிட்டிங் மென்பொருளும் செய்து, பிரிண்டர் டிரைவரும் செய்தால் இரட்டைத் திருத்தம் விழும். ஒன்று மட்டும்தான் செய்ய வேண்டும். மென்பொருளில் அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (நிறங்களைச் சரிப்படுத்தும் கோப்பு) தேர்ந்தெடுத்தால் டிரைவரில் நிறத் திருத்தத்தை முழுதாக அணைத்துவிடுங்கள். டிரைவரில் தாள் வகையைச் சரியாகக் கொடுப்பதும் அதே அளவு முக்கியம். எவ்வளவு மை போட வேண்டும் என்பதை அந்தத் தேர்வுதான் முடிவு செய்கிறது. மேட் தாளுக்கு கிளாஸி என்று கொடுத்தால் எந்த புரொஃபைலாலும் காப்பாற்ற முடியாது.

தாள் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். நீலச் சாயலோடு பளீர் வெள்ளையாக இருக்கும் தாள்களில் ஒளிர்வூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிர்வதால்தான் அந்த வெள்ளை. வருடங்கள் போகப்போக அது செயலிழந்து, தாள் தன் இயல்பான வெளிர்மஞ்சளுக்குத் திரும்பும். நெடுநாள் மாட்டப்போகிற படத்துக்கு ஆரம்பத்திலேயே சற்று வெளிர்மஞ்சள் சாயலுள்ள வெள்ளையில் இருக்கும் பருத்தித் தாள்தான் என் தேர்வு.

சந்தேகி:

வேறு நிறுவன மை பற்றி என்ன சொல்கிறீர்கள்? மலிவாகக் கிடைக்கிறதே.

நிறமாலை:

அலுவலகப் பக்கங்களுக்கு என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். போட்டோவுக்கு வேண்டாம். மங்காமல் இருக்கும் ஆயுள் மைக்கும் தாளுக்கும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. மையை மாற்றினால் அந்த எண் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

சித்திரக்கூடம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் மேடம். நல்ல தரத்தில் மை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், கறுப்பு வெள்ளைக்கென்றே கார்பன் பிக்மென்ட் மை செய்கிறவர்களும் உண்டு. அப்படி ஒன்றுக்கு மாறினால் அதற்கான புரொஃபைலைப் புதிதாகச் செய்துகொண்டு, கடைசிவரை அதிலேயே இருக்க வேண்டும். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று கலப்பதுதான் ஹெட்டைக் கெடுக்கிறது. இன்னொரு சிக்கல் கார்ட்ரிட்ஜிலுள்ள சிப். பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் வந்த பிறகு வெளி கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கும் பிரிண்டர்கள் இருக்கின்றன. அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் தானாக அப்டேட் ஆவதை அணைத்து வைப்பது நல்லது.

கறுப்புமை:

நெடுநாள் என்று பேசுவதால் டிரைவரையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் நன்றாக இருந்தும் கணினி கைவிடுவதால் ஒதுக்கப்படும் பிரிண்டர்கள் நிறைய. மைக்ரோசாஃப்ட் 2023-ல், நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. பொதுவான டிரைவரில் அச்சு வரும், ஆனால் தாள் வகைகளும் நிறத் திருத்தத்தை அணைக்கும் வசதியும் பல சமயம் காணாமல் போகும். போட்டோ அச்சிடுகிறவருக்கு அது பெரிய இழப்பு. இப்போது வேலை செய்கிற டிரைவர் கோப்பை இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். லினக்ஸில் குட்டன்பிரிண்ட் என்ற இலவசத் தொகுப்பு பழைய எப்சன், கேனான் மாடல்கள் பலவற்றுக்கு இன்னும் உயிர் கொடுக்கிறது.

ஒளிவட்டம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பஞ்சை மாற்றக் கொடுத்துவிட்டேன். இந்த பிரிண்டரே தொடரும். கறுப்பு வெள்ளையில் பெரிய அளவு வேண்டும்போது பிக்மென்ட் வைத்திருப்பவரிடம் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதற்காக மட்டும் இன்னொரு பிரிண்டர் வாங்கினால் அதற்கும் வாராவாரம் வேலை கொடுக்க வேண்டுமே.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். மையோடு இருக்கிற பிரிண்டரை எப்படி எடுத்துப் போவது? கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடலாமா?

கறுப்புமை:

கழற்ற வேண்டாம் சார். கழற்றினால் மை வரும் துளை காற்றில் காயும். பட்டனில் அணையுங்கள், ஹெட் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள், அது நகராமல் இருக்க ஒட்டிய தடம் விடாத டேப்பால் பிடித்துக் கட்டுங்கள். நேராகவே வைத்து எடுத்துப் போக வேண்டும், சாய்க்கவோ தலைகீழாக வைக்கவோ கூடாது. சரக்கு வண்டியில் போடாமல் உங்களோடு காரில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பஞ்சை மாற்றி வாங்கிவரும்போதும் இதே முறைதான்.

நீலமயில்:

டேங்க் வகை என்றால்?

கறுப்புமை:

மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் மை ஓட்டத்தை அடைக்கும் ஒரு திருகு இருக்கும், எடுத்துப் போகும் முன் அதை மூடி, புது இடத்தில் வைத்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். திறக்காமல் அச்சிட்டால் மை வராது. இறக்கி வைத்ததும் உடனே போடாமல் சில மணி நேரம் நிற்கவிட்டு, அப்புறம் நாசில் செக் போடுங்கள்.